வேலைக்காக ஊர் மாறும்போது: சாவி கைக்கு வரும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடும் திட்டம்

வேறு ஊரில் வேலை கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் பணியில் சேரும் தேதியை நடுவில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். 10-ஆம் தேதி சேர வேண்டும், ஆகவே 7-ஆம் தேதி லாரி. புது வீட்டுச் சாவி 12-ஆம் தேதிதான் கிடைக்கும் என்பது தெரியவரும் வரை இந்தக் கணக்கில் பிழை தெரியாது. சாவி இல்லாத வீட்டு வாசலில் லாரி போய் நின்றால் காத்திருப்புக் கட்டணம், கிடங்கு வாடகை, மறுபடி ஏற்றி இறக்கும் கூலி என மூன்று செலவுகள் வரிசையாக வரும். இரண்டாவது முறை கை மாறும்போதுதான் சாமானும் அதிகம் உடையும்.

அதனால் திட்டத்தின் அச்சாணி சாவி கைக்கு வரும் நாள். லாரி வந்து சேர்வது அதற்குக் குறைந்தது 2 நாள் கழித்து. பழைய வீட்டைக் காலி செய்யும் கடைசி நாள், லாரி கிளம்பி 2 நாள் கழித்து. வீடு முன்பே பிடித்திருந்தால், பணியில் சேரும் நாள் சாமான் இறங்கி 3 நாளாவது கழித்து. இதனால் இரண்டு வீட்டு வாடகையும் சில நாள் சேர்ந்து ஓடும். வீண் செலவு போலத் தோன்றினாலும், கிடங்கு வாடகையோடு ஒப்பிட்டால் இதுதான் மலிவு.

மொத்தம் 8 வாரம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். 4 வாரம்தான் இருக்கிறது என்றால் வரிசை மாறாது. சாமானைக் குறைப்பதில்தான் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும்.

8 வாரத்துக்கு முன்: நிறுவனத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவை

'இடமாற்றச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி லாரி பேசக்கூடாது. பணி நியமனக் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். தொகை மொத்தமாகக் கையில் தரப்படுமா, பில் காட்டிய பிறகா? சாமான் போக்குவரத்து மட்டுமா, குடும்பத்தின் பயணம், தற்காலிகத் தங்கல், வீட்டுத் தரகும் சேருமா? எத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் தொகையைத் திருப்பித் தர வேண்டும்? அந்தத் தொகைக்கு வரி பிடிக்கப்படுமா?

பில் காட்டி வாங்குவதென்றால் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: எத்தனை கொட்டேஷன் இணைக்க வேண்டும், பில் யார் பெயரில் இருக்க வேண்டும்? பில்லில் பெயர் மாறியிருப்பதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம்.

இந்தக் கடிதம் கையில் வரும்வரை பழைய வேலையில் ராஜினாமாவும் வேண்டாம், வீட்டுக்காரரிடம் நோட்டீஸும் வேண்டாம்.

யார் முதலில் போவது

வேலைக்குப் போகிறவர் மட்டும் முதலில் போய் 3 அல்லது 4 வாரம் சாமானோடு கூடிய அறையில் தங்கி, வீடு பார்த்த பிறகு குடும்பம் வருவதே பெரும்பாலும் நல்லது. தூரத்தில் இருந்து படத்தைப் பார்த்து வீடு பிடிப்பதைவிட இதில் செலவு குறைவு. தகுதிகாண் காலத்தின் தொடக்கத்திலேயே வேலை ஒத்துவருமா என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். பள்ளி திறக்கும் தேதி நெருங்கிவிட்டால் மட்டும் இந்த யோசனை செல்லாது. அப்போது எல்லோரும் சேர்ந்தே போய், பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மாதத்துக்குத் தற்காலிக வீடு எடுத்து, அங்கிருந்தபடி நிரந்தர வீடு தேடலாம். அந்த ஒரு மாதத்துக்குப் பெரிய சாமான்கள் பழைய வீட்டிலேயே இருக்கட்டும்.

வீடு பார்க்கும்போது டேப் கையில் இருக்கட்டும்

அறை எவ்வளவு பெரியது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். சாமான் உள்ளே போகுமா என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. வாசற்கதவின் திறப்பு அகலம், லிஃப்டின் உள் உயரமும் ஆழமும், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலம், கூரை உயரம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கூரை உயரம் எதற்கு? பெரிய அலமாரியைப் படுக்கவைத்துப் பாகங்களைப் பூட்டிவிட்டு நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் கூரைக்குள் அடங்க வேண்டும். 235 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரியின் மூலைவிட்டம் ஏறக்குறைய 243 செ.மீ. கூரை 240 செ.மீ. என்றால், நின்ற நிலையில் தாராளமாகப் பொருந்தும் அதே அலமாரியை நிமிர்த்தவே முடியாது. நிற்கவைத்தபடியேதான் பூட்ட வேண்டும். சோஃபாவுக்கு வேறு கணக்கு: ஆழம், உயரம் இரண்டில் எது சிறியதோ அது கதவுத் திறப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கால்களைக் கழற்ற முடிந்தால் அதையும் கழித்துப் பாருங்கள்.

மற்றபடி, இரண்டு குழாயை ஒரே நேரத்தில் திறந்து தண்ணீரின் வேகம் பாருங்கள். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் பேசிப் பாருங்கள். வாஷிங் மெஷினுக்குக் குழாய், வடிகால், பிளக் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. வேலைநாளில், நீங்கள் கிளம்பப்போகும் அதே நேரத்தில் போய், அதே நேரத்தில் திரும்ப வேண்டும். லாரி தெருவுக்குள் வருமா, எந்த நேரத்தில் அனுமதி, லிஃப்டில் சாமான் ஏற்ற முன்பதிவு வேண்டுமா என்பதைக் கட்டடக் காவலரிடமே கேட்டுவிடலாம்.

6 வாரத்துக்கு முன்: சாமானைக் கன அடியில் எண்ணுங்கள்

வீடு மாற்றும் செலவைத் தீர்மானிப்பவை முக்கியமாகக் கொள்ளளவும் தூரமும்தான். எடை அதற்கு அடுத்ததே. ஆகவே 'இரண்டு பெட்ரூம் வீடு' என்று சொல்லி விலை கேட்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு பெரிய சாமானையும் நீளம், அகலம், உயரம் என அடிக்கணக்கில் அளந்து பெருக்குங்கள்.

மூன்று பேர் உட்காரும் சோஃபா 7 × 3 × 2.5 என்றால் 52.5 கன அடி. ஃபிரிட்ஜ் 2 × 2.25 × 5.5 என்றால் ஏறக்குறைய 25. அலமாரி 4 × 2 × 7 என்றால் 56. அதே அலமாரியைக் கழற்றிப் பலகைகளாக அடுக்கினால் 10 கன அடிக்குள் அடங்கிவிடும். பெட்டிகளில் சிறியது 1.5, நடுத்தரம் 3, பெரியது 4.5 கன அடி என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கூட்டி, இடையில் விழும் வெற்றிடத்துக்காக 20 சதவீதம் சேர்த்தால் உங்கள் கணக்கு தயார். 14 × 6 × 6 அடி உட்பகுதி உள்ள லாரியின் கொள்ளளவு காகிதத்தில் 504 கன அடி. உண்மையில், வெற்றிடம் சேர்க்காத கூட்டலில் 380 முதல் 400 வரைதான் அடுக்க முடியும்.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால் எதைக் கழிப்பது என்பதும் தானே தெரியும். மொத்த லாரிச் செலவை மொத்தக் கன அடியால் வகுத்து, ஒரு கன அடிக்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள். அதை அந்தச் சாமானின் கன அடியால் பெருக்கினால் வருவதுதான் அதன் பயணச் செலவு. அந்தத் தொகை, போகிற ஊரில் அதேபோன்ற பொருளைப் பழையதாக வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடுவது நல்லது. பார்ட்டிக்கிள் போர்டு மேசை, அலமாரி விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். ஒருமுறை கழற்றிய ஸ்குரூ மறுபடி அதே துளையில் முன்புபோல் இறுகாது, ஏனென்றால் அழுத்திய மரத்தூள் உதிர்ந்துவிடும். இரண்டாவது இடமாற்றத்துக்குத் தாங்குபவை கொஞ்சம்தான். திடமான மரமும் இரும்பும் பலமுறை கழற்றினாலும் தாங்கும்.

கொட்டேஷனில் என்ன இருக்க வேண்டும்

குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். நேரிலோ வீடியோ அழைப்பிலோ வீட்டைப் பார்க்காமல் போனிலேயே விலை சொல்பவர்களைத் தள்ளிவிடலாம். மற்ற இரண்டையும்விட மிகவும் குறைவாக வரும் மூன்றாவது விலையைக் கண்டு மகிழ வேண்டாம். சாமான் லாரியில் ஏறிய பிறகு 'அளவு கூடிவிட்டது' என்று சொல்லி, கூடுதல் பணம் தராவிட்டால் இறக்கமாட்டோம் என்று நிற்பதே இந்தத் தொழிலின் பழைய தந்திரம். சாமான் அவர்கள் வண்டியில் ஏறிவிட்டால் பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

எழுத்தில் இருக்க வேண்டியவை:

- சாமான் பட்டியல், மொத்தக் கன அடி, அதற்கு முடிவான விலை
- பேக்கிங் பொருள், கழற்றிப் பூட்டும் கூலி, இரண்டு பக்கத்து மாடி எண், லிஃப்ட் உண்டா, லாரி நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை தூரம்
- சுங்கச்சாவடிக் கட்டணம், வரி, காத்திருப்புக் கட்டணம் உள்ளடக்கமா
- தனி லாரியா, மற்றவர் சாமானோடு சேர்ந்தா
- ஏற்றும் தேதி, இறக்கும் தேதி, தாமதமானால் என்ன
- முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது (பெரும்பகுதி இறக்கிய பிறகே என்று பேசுங்கள்)

மற்றவர் சாமானோடு சேர்த்து அனுப்புவது விலையில் லாபம். ஆனால் வழியில் கிடங்கில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றுவார்கள், சேரும் தேதியும் உறுதி இல்லை. கண்ணாடிச் சாமான் அதிகம் உள்ள வீட்டுக்கு இது ஏற்றதல்ல. புத்தகமும் துணியுமாக இருக்கும் தனியாளுக்கு ஏற்றது.

இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பு வேறு, தனியாக எடுக்கும் டிரான்சிட் இன்சூரன்ஸ் வேறு. முதலாவது பல இடங்களில் எடைக்கு இவ்வளவு என்ற அற்பத் தொகையோடு நின்றுவிடும். இரண்டாவதில் ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் அறிவித்த மதிப்புதான் அடிப்படை. நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்கு இழப்பீடு உண்டா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள், பலவற்றில் இல்லை. அதனால் பணத்தை மிச்சப்படுத்த நினைத்தால் துணியையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டுங்கள், கண்ணாடியையும் டி.வி.யையும் அவர்களிடம் விடுங்கள்.

4 வாரத்துக்கு முன்: காகித வேலை

வாடகை ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் பார்த்து எழுத்தில் தெரிவியுங்கள். புதுப் பள்ளியில் இடம் உறுதியான பிறகே மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வரிசை மாறினால் பிள்ளைக்கு இரண்டு பள்ளியும் இல்லாமல் போகும். தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களுக்கு 30 நாளுக்குக் கையிருப்பும், மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டும் வேண்டும், ஏனென்றால் அதே பிராண்ட் அங்கே கிடைக்காமல் போகலாம். தடுப்பூசி அட்டை, ஸ்கேன் படங்கள், பல் சிகிச்சைக் குறிப்புகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

புது வீட்டின் இணைய இணைப்புக்கு இப்போதே பதிவு செய்யுங்கள். பழைய செல் எண்ணை மட்டும் ரத்து செய்யாதீர்கள்: வங்கியின் ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும், முகவரி மாற்றவே அது தேவை.

2 வாரத்துக்கு முன்: பெட்டி கட்டும் முறை

எடைதான் முதல் விதி. எந்தப் பெட்டியும் 20 கிலோவைத் தாண்டக்கூடாது. புத்தகத்தால் நிரம்பிய 1.5 கன அடிப் பெட்டியே 25 கிலோவைத் தொடக்கூடும். அதனால் சிறிய பெட்டியில்கூட மேல் கால்வாசிக்குத் துணியைத் திணியுங்கள். பெரிய பெட்டி தலையணை, போர்வை, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மட்டும். கனமான சாமானுக்கு ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டி, லேசானதற்கு மூன்று அடுக்கு போதும். அடிப்பக்கத்தில் நடு இணைப்பின்மேல் இரண்டு வரி டேப், இரு ஓரங்களிலும் குறுக்கே ஒவ்வொரு வரி. நடுவில் மட்டும் ஒட்டிய பெட்டிகளே அடி பிய்ந்து விழுகின்றன.

பெட்டி பாதி காலியாக இருந்தாலும் ஆபத்து, மூடி உப்பியிருந்தாலும் ஆபத்து. காலியாக இருந்தால் மேலே அடுக்கும் பாரத்தில் அட்டை உள்ளே மடங்கும். உப்பியிருந்தால் மேல்பெட்டி சரியும். கட்டி முடித்ததும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருளும் சத்தம் வந்தால் மறுபடி திறந்து காகிதம் திணிக்க வேண்டும்.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்குவதுதான் சமையலறைப் பெட்டிகளில் நடக்கும் பெரிய தவறு. அடித்தட்டின்மேல் மற்ற எல்லாத் தட்டுகளின் பாரமும் உட்கார்ந்திருக்கும். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்தப் பாரம் பல மடங்காகி நடுவில் விரிசல் விழும். பெட்டியின் அடியில் 5 செ.மீ. கனத்துக்குக் கசக்கிய காகிதம் பரப்பி, ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகச் சுற்றி, பாத்திர ஸ்டாண்டில் வைப்பதுபோல் விளிம்பில் நிற்கவையுங்கள். கண்ணாடித் தம்ளருக்குள்ளும் காகிதம் திணித்து நிமிர்த்தி வையுங்கள். வெள்ளைப் பீங்கானில் செய்தித்தாள் மை ஒட்டும், உள்சுற்றுக்கு வெற்றுக் காகிதமே சரி.

பெட்டியின் மேல் எழுதிப் பயனில்லை, அடுக்கியதும் மறைந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சுவர்களில் எழுதுங்கள். '17 / 46, சமையலறை' என்று எண்ணும் புது வீட்டு அறையும் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்கள் கையில் உள்ள பட்டியலில் மட்டும் இருக்கட்டும். 'லேப்டாப், கேமரா' என்று வெளியே எழுதுவது திருடருக்கு முகவரி கொடுப்பதுபோல.

கழற்றும் ஒவ்வொரு மரச்சாமானின் ஸ்குரூவையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி, அதே சாமானின் உள்பக்கம் ஒட்டுங்கள். கழற்றுவதற்கு முன் இணைப்புகளைப் படம் எடுங்கள்.

மின்சாதனங்கள்

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின்தான் முதல் கவலையாக இருக்க வேண்டும், அதுவும் 6 வாரத்துக்கு முன்பே. அதன் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. பயணத்தில் அது ஆடாமல் இருக்கப் பின்பக்கம் 3 அல்லது 4 போக்குவரத்து போல்ட் போட வேண்டும். வாங்கிய நாளில் கழற்றித் தூக்கிப் போட்டிருந்தால், மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் மையத்தில் கேட்டு வாங்க நேரம் பிடிக்கும். போல்ட் இல்லாமல் நெடுந்தூரம் போன மெஷினில் ஸ்பிரிங்கும் அதிர்வுத் தாங்கியும் பழுதாகும். அடியில் உள்ள ஃபில்டரைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். அது வழியில் ஒழுகி மெத்தையை நனைப்பது வழக்கமாக நடப்பது. மேல்பக்கம் திறப்பது என்றால் தொட்டிக்கும் உடலுக்கும் இடையில் ஃபோம் திணித்தால் போதும்.

ஃபிரிட்ஜை 24 மணி நேரம் முன்பே அணைத்து, பனி உருகவிட்டு, துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள். ஈரத்தோடு மூடி அனுப்பினால் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடித் தட்டுகள் தனியே. நிற்கவைத்தே ஏற்ற வேண்டும்; படுத்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குளிர்வாயுக் குழாய்க்குள் போய்விடும், உடனே போட்டால் எண்ணெயில்லாமல் ஓடி கம்ப்ரசர் பழுதாகலாம். நின்று வந்தால் 3 அல்லது 4 மணி நேரம், படுத்து வந்தது தெரிந்தால் ஒரு முழு நாள் நிற்கவைத்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள்.

டி.வி.யைப் படுக்கவைக்கக்கூடாது. நிமிர்த்தி, திரையை மெத்தைப் பக்கம் திருப்பிச் சாய்ப்பதே பாதுகாப்பு. ஸ்பிளிட் ஏ.சி.யைக் கழற்றும் முன் வாயுவை வெளியூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடத் தெரிந்த மெக்கானிக் வேண்டும்; குழாயை அப்படியே வெட்டுபவரிடம் கொடுத்தால் வாயு முழுக்கப் போகும். தண்ணீர் சுத்திகரிப்பானைக் கழற்றுவதற்கு முன், போகும் ஊரின் தண்ணீருக்கு அந்த வகை பொருந்துமா என்று கேளுங்கள். உப்பு குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவைப்படாமல் போகலாம்.

லாரியில் ஏறக்கூடாதவை

கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பெயின்ட், தின்னர், ஆசிட், ஸ்பிரே டப்பா, தீப்பெட்டி எதுவும் ஏறக்கூடாது. மூடிய வண்டிக்குள் வெப்பம் ஏறும்போது இவை ஆபத்து. இவற்றைக் காரணம் காட்டி இன்சூரன்ஸும் மறுக்கப்படலாம். மோட்டார் சைக்கிளை ஏற்றினால் டாங்கில் பெட்ரோல் வடித்திருக்க வேண்டும். ஈயப் பேட்டரி சாயாமல் நிற்க வேண்டும். லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் உங்கள் கைப்பையில். அசல் சான்றிதழ், சொத்துப் பத்திரம், நகை, ரொக்கம், ஹார்ட் டிஸ்க், மருந்து, இரண்டு வீட்டுச் சாவியும் உங்களோடுதான் வர வேண்டும்.

ஏற்றும் நாள்

புது வீட்டில் முதல் நாள் ராத்திரிக்கு வேண்டியவற்றை ஒரு பெட்டியில் தனியாகக் கட்டி, கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள். கடைசியில் ஏறுவதே முதலில் இறங்கும். அதற்குள் ஸ்குரூடிரைவர், ஸ்பேனர், கத்தி, நீட்டிப்பு வயர், ஒரு பல்பு, படுக்கை விரிப்பு, துண்டு, சோப்பு, சார்ஜர், கழிப்பறைப் பொருள், ஒரு வேளைக்கான பாத்திரம். கட்டிலைப் பூட்டும் கருவி 46 பெட்டிகளில் ஏதோ ஒன்றில் இருப்பதால் தரையில் படுப்பவர்கள்தான் அதிகம்.

கனமானவை டிரைவர் அறையை ஒட்டிய சுவர் பக்கம், லேசானவை மேலே. மெத்தை விளிம்பில் நிற்கட்டும், கண்ணாடி இரண்டு மெத்தைக்கு நடுவில். ஊழியர்கள் எழுதும் பட்டியலில் ஒவ்வொரு சாமானின் நிலையும் குறிக்கப்படும். நல்ல மேசைக்கு 'கீறல்' என்று எழுதியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு சொல் உங்களுக்கு எதிராக நிற்கும். லாரி எண், டிரைவர் எண் இரண்டையும் குறித்துக்கொண்டு, காலியான வீட்டில் மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர், ஒவ்வொரு சுவர் என வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸில் பிடித்தம் பற்றிய சண்டை பாதி அதிலேயே முடியும்.

இறக்கும் நாளும் அடுத்த சில நாளும்

ஒருவர் வாசலிலேயே நின்று பட்டியலில் பெட்டி எண்களை டிக் அடிக்க வேண்டும், இன்னொருவர் உள்ளே எந்த அறைக்கு என்று சொல்ல வேண்டும். இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்தால் ஒரு பெட்டி குறைவது இரவுதான் தெரியும். அடிபட்ட பெட்டியை ஊழியர் முன்னாலேயே திறந்து படம் எடுங்கள். ரசீதில் வெறும் கையெழுத்து வேண்டாம். சேதத்தையும் வராத பெட்டிகளின் எண்ணையும் எழுதிய பிறகு கையெழுத்து. இழப்பீடு கேட்கும் காலக்கெடு சில பாலிசிகளில் சில நாள்தான், அதனால் உங்கள் பட்டியலில் கண்ணாடி என்று உள்ள பெட்டிகளை முதல் இரண்டு நாளில் திறந்துவிடுங்கள்.

பிரிக்கும் வரிசை: கட்டில், குளியலறை, சமையலறை, பிறகு பிள்ளைகளின் மேசை. வரவேற்பறை கடைசி. புது வாடகை ஒப்பந்தம் கிடைத்ததும் முதலில் வங்கி, அடுத்து நிறுவனத்தின் சம்பளப் பதிவு, பிறகு அடையாள அட்டை, வாகனம், இன்சூரன்ஸ் என்று முகவரியை மாற்றுங்கள்.

வாஷிங் மெஷினை ஓட்டும் முன் போக்குவரத்து போல்ட்டைக் கழற்ற மறக்காதீர்கள். போல்ட்டோடு சுழன்றால் மெஷின் தரையில் குதித்து நகரும், உடலே கோணிவிடும். கழற்றிய போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு, ஸ்பேனரோடு சேர்த்து மெஷினின் பின்பக்கமே டேப்பால் ஒட்டிவிடுங்கள்.